கடனும் நாணயமும்

 

நோன்பு பிறப்பதற்குச் சில தினங்கள் இருக்கையில், நமக்கு நெடுநாள் பழக்கமான ஜவுளி வியாபாரி ஒருவர், ஜும்ஆ முடிந்து வெளியே வந்த நம்முடைய கையைப் பிடித்துக் கொண்டார். "ஹஜ்ரத், எவனோ என்னைப் பிளாக்லிஸ்டில் போட்டுவிட்டான். அது நீங்க ஒரு துஆச் செய்யுங்கள்" என்றார். துஆச் செய்வதில் நமக்கு என்ன சிரமம்? செய்தோம். ஆனால், நடந்தது யாதென்று விசாரித்தபோதுதான், அவரை யாரும் எந்தப் பட்டியலிலும் போடவில்லை என்பதும், அவர் தம்மைத் தாமே நெருக்கடியில் மாட்டிக் கொண்டார் என்பதும் விளங்கிற்று.

பெருநாள் சரக்குக்கு அவருக்கு 80,000 வெள்ளி வேண்டியிருந்தது. முதலில் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு, பல வருஷமாக வரவு செலவு வைத்திருக்கும் ஒரு பாங்கிக்குப் போயிருக்கலாம். அவரோ டெலிபோனில் கூப்பிட்ட ஒரு லோன் ஏஜெண்டின் பேச்சை நம்பி, அடையாளக் கார்டு நகலையும் ஆறு மாதப் பாங்கிக் கணக்கையும் அனுப்பி வைத்தார். ஏஜெண்டு பத்து நாளில் ஆறு பாங்கிகளுக்கு மனுப் போட்டுவிட்டார். "ஒன்றில்லாவிட்டால் ஒன்றில் விழும்" என்பது அவருடைய கணக்கு. ஆறிலும் விழவில்லை.

ஏன் விழவில்லை என்பதை நம் வியாபாரிகள் அவசியம் அறிந்து கொள்ள வேண்டும். இந்நாட்டில் பேங்க் நெகாரா 2001-ஆம் ஆண்டு முதல் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் ஒரு கடன் பேரேட்டை நடத்தி வருகிறது. 'சிக்ரிஸ்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எந்தப் பாங்கியில் யாருக்கு எவ்வளவு கடன் நிற்கிறது, கடந்த 12 மாதங்களில் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டதா, எத்தனை மாதம் பாக்கி என்பதெல்லாம் அதில் இலக்கங்களாக நிற்கும். ஒழுங்காகக் கட்டினால் 0. ஒரு மாதம் பாக்கி நின்றால் 1. இரண்டு மாதமானால் 2. அதோடு, சமீபத்தில் இசைவான கடன் மனுக்களும், இன்னும் முடிவாகாமல் நிற்கும் மனுக்களும் அதிலே தெரியும். ஆக, நம் சகோதரர் ஆறாவது பாங்கியின் படி ஏறிய அன்று, முன்பு போட்ட மனுக்கள் அந்த மானேஜரின் மேஜைமேல் கிடந்தன!

மானேஜர் என்ன நினைப்பார்? ஒரே சமயத்தில் ஆறு இடத்தில் கை நீட்டுகிறவர், ஆறும் கிடைத்துவிட்டால் ஆறையும் வாங்கிக் கொள்வாரோ? அப்படி வாங்கினால் மாதத் தவணையைக் கட்ட இந்தக் கடை தாங்குமா? அல்லது, நமக்குத் தெரியாத ஏதோ நெருக்கடியில் இருக்கிறாரோ? இப்படித்தான் நினைப்பார். அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம்.

சிக்ரிஸ் என்பது வெறும் பேரேடுதான். அது யாருக்கும் மார்க்குப் போடுவதில்லை, நல்லவன் கெட்டவன் என்று சொல்வதுமில்லை. பேங்க் நெகாராவிடம் 'பிளாக்லிஸ்ட்' என்று ஒன்று இல்லவே இல்லை. மார்க்குப் போடுகிறவை தனியார் நிறுவனங்கள். 1990-இல் தொடங்கிய சி.டி.ஓ.எஸ். அவற்றில் ஒன்று. 300 முதல் 850 வரையில் அது ஒரு புள்ளி கொடுக்கிறது. அந்தப் புள்ளியில் பெரும்பங்கு தவணையை ஒழுங்காகக் கட்டினோமா என்பதற்கு. எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு ஒரு பங்கு. புதிதாகக் கடன் தேடி அலைகிறோமா என்பதற்கும் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கும் இதே கதைதான். அங்குள்ள கிரெடிட் பியூரோ 1000 முதல் 2000 வரை புள்ளி போடுகிறது. கடன் மனுவின் பேரில் ஒரு பாங்கி நம் கோப்பைப் புரட்டிப் பார்த்த செய்தி, அங்கே 2 ஆண்டுகள் வரை கோப்பிலேயே நிற்கும். குறுகிய காலத்தில் பல பாங்கிகள் புரட்டினால் புள்ளி இறங்கும்.

இதிலே ஒரு தவறான எண்ணம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. நம் கோப்பை நாமே எடுத்துப் பார்த்தாலும் புள்ளி குறையும் என்று பயப்படுகிறார்கள். குறையாது. கடன் கேட்டு மனுப் போட்டதன் பேரில் பாங்கி பார்ப்பது வேறு, சொந்தக் கணக்கைச் சொந்தக்காரன் பார்ப்பது வேறு. சிக்ரிஸ் அறிக்கையைப் பேங்க் நெகாராவிடமிருந்து காசின்றியே பெறலாம். மாதா மாதம் கடைக் கணக்கை முடிக்காமல் தூங்காத நாம், நம் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

"பாங்கிக்காரன் நம் கோப்பைப் புரட்டுவது பிறர் குற்றத்தைத் துருவித் துருவி ஆராய்வதாகாதா? அதைத் திருமறை தடுத்திருக்கிறதே?" என்று ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. அமீருல் முஃமினீன் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் சபையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தியை அவருக்குச் சொன்னோம். ஒருவருக்காக மற்றொருவர் நற்சாட்சி கூற வந்தார். கலீஃபா அவர்கள் அவரிடம் மூன்று விஷயங்களை விசாரித்தார்களாம். நீர் இவருக்கு அண்டை வீட்டுக்காரரா? இவரோடு பிரயாணம் செய்திருக்கிறீரா? தீனாரும் திர்ஹமும் கொடுத்து வாங்கி இவரோடு பழகியிருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால், இவர் பள்ளியில் நின்று தொழுததைப் பார்த்திருப்பீரே தவிர, இவரை நீர் அறியமாட்டீர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கொடுக்கல் வாங்கலைக் கொண்டு ஒரு மனிதனை அறிவது நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. கடன் கேட்டு மனுவில் கையெழுத்துப் போடும்போது, விசாரித்துக் கொள்ளுங்கள் என்று நாமே சம்மதம் கொடுத்து விடுகிறோம். திருட்டுத்தனமாக ஒட்டுக் கேட்பதும் இதுவும் ஒன்றல்ல.

நம் முன்னோர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் பினாங்குத் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் செட்டியார்கள் கிட்டங்கி வைத்திருந்த காலத்தில், கம்ப்யூட்டர் ஏது? ஆயினும் ஒரே கூரையின் கீழ் பல செட்டியார்கள் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். காலையில் ஒரு பெட்டியடியில் கடன் கேட்டு இல்லையென்று எழுந்தவர், அடுத்த பெட்டியடிக்கு நகருமுன் அவருடைய செய்தி நகர்ந்துவிடும். அந்தப் பெரியவர்கள் ஓரிடத்தில் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லிக் கேட்பார்கள், சொன்ன தேதியில் கொண்டு போய்க் கொடுப்பார்கள். காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றுதான் பெயர். நம் தமிழில் அப்படி அமைந்திருக்கிறது.

நம் ஜவுளிக்கடைச் சகோதரரிடம் திரும்புவோம். பாங்கிக் கதவுகள் அடைபட்டதை விட நமக்கு அதிக வருத்தம் தந்தது வேறொன்று. அவரே மெள்ளச் சொன்னார். மற்ற மனுக்கள் எதற்கு என்று ஒரு மானேஜர் கேட்டபோது, அவை தம் மனைவி நடத்தும் கடைக்காக என்று சொல்லிவிட்டாராம். அவர் மனைவிக்குக் கடையே கிடையாது! ஐவேளைத் தொழுகையாளி, தராசில் ஒரு முழத் துணி குறையாதவர், அவர் வாயிலிருந்து இந்தப் பொய் எப்படி வந்தது? எம்பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் இறைவனிடம் அதிகமாகப் பாதுகாவல் தேடுவதைக் கண்டு, ஏன் இப்படி என்று கேட்கப்பட்டது. கடனில் விழுந்த மனிதன் பேசினால் பொய் பேசுகிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்னும் கருத்தில் அவர்கள் விடை பகர்ந்ததாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. கடன் வாங்கிய பிறகு வரும் பொய்யைத்தான் நாம் இதுவரை நினைத்திருந்தோம். வாங்குமுன்னரே, மனுவிலேயே வந்துவிடுகிறதே!

கடனே இழுக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகிலே இருந்தது. திருமறையின் மிக நீண்ட ஆயத்து, கடனைத் தவணை குறித்து எழுதி வைத்துக் கொள்வதைப் பற்றியதுதான். வட்டிக் கடனுக்கு நாம் வழி காட்டுகிறோம் என்றும் எவரும் எண்ண வேண்டாம். வட்டி ஹராம், அதில் பேச்சே இல்லை. 1983-இல் பேங்க் இஸ்லாம் திறக்கப்பட்டதிலிருந்து இந்நாட்டில் ஹலாலான முறையில் முதல் தேட வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் வாங்கிய தொகையும் இதே பேரேட்டில்தான் ஏறும், தவணை தவறினால் அங்கேயும் 1, 2 என்று விழும். சொந்தப் பெயரில் 'எண்டர்பிரைஸ்' பதிந்து கடை நடத்துகிறவர்களுக்குக் கடைக் கடன் வேறு, வீட்டுக் கடன் வேறு என்ற பேச்சும் இல்லை. இரண்டும் அவர் தலையில்தான்.

இதுவரை கடன் கேட்கும் நம்மைப் பற்றிப் பேசினோம். நாம் கடன் கொடுக்கிறவர்களும் அல்லவா? மொத்தச் சரக்குக்காரர், பாக்கி வைத்த சில்லறைக் கடைக்காரரின் பெயரைத் தனியார் நிறுவனத்தில் பதிந்து வைக்கும் வசதி இப்போது இருக்கிறது. வசதியுள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபிமொழி இருக்கிறது. அப்படிப்பட்டவன் பெயரைப் பதிவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், கடை எரிந்து போனவன், நோயில் படுத்தவன், 2020-இல் கொரோனாக் கட்டுப்பாட்டிலே கடையை அடைத்து இன்னும் எழாதவன், இவர்களையும் அதே கோபத்தில் பதிந்துவிடலாமா? சிரமத்தில் இருப்பவனுக்கு வசதி வரும் வரை தவணை கொடுக்கும்படியும், தள்ளிவிடுவது அதனினும் மேல் என்றும் அல்பகரா அத்தியாயம் போதிக்கிறது. பதியுமுன் ஒரு தடவை அவர் கடைக்கு நேரில் போய்ப் பாருங்கள். இவ்வளவுதான் நாம் கேட்பது.

தவணை தவறிப் போனவர்களும் மனம் உடைய வேண்டாம். சிக்ரிஸில் தெரிவது 12 மாதம்தான். பாக்கியைத் தீர்த்து, ஓர் ஆண்டு ஒழுங்காகக் கட்டி வந்தால் அந்த இலக்கங்கள் நகர்ந்து போய்விடும். முடியாத நிலையென்றால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் நிலையம் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறது. லோன் ஏஜெண்டிடம் ஓடுவதற்கு முன் அங்கே போகலாம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. சொன்னால் சிலருக்குக் கசக்கும். நம் சமூகத்தில் 'பேர் கொடுப்பது' என்று ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மாமாவின் கோப்பு கெட்டுப் போயிருக்கும். மருமகன் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை, அவன் கோப்பு வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும். "மருமகனே, உன் பேரில் ஒரு லோன் போட்டுக் கொடு, மாதா மாதம் நான் கட்டிவிடுகிறேன்" என்பார் மாமா. வளர்த்து ஆளாக்கிய மாமாவிடம் இல்லையென்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு நா எழும்? கையெழுத்துப் போடுவான். மூன்றாம் மாதம் மாமாவின் கடையில் வியாபாரம் மந்தம். பாக்கி மருமகன் பெயரில் விழும். அவன் நிக்காஹ் முடித்து ஒரு வீடு வாங்கப் போகும் நாளில், தான் தொட்டும் பார்க்காத பணத்துக்காகப் பாங்கி வாசலில் தலை குனிந்து நிற்பான். மாமாவின் மேல் வழக்காட மாட்டான், ஊருக்குத் தெரியவும் விடமாட்டான். தெரியாது என்ற தைரியத்தில்தானே நாம் பிள்ளைகளிடம் கேட்கிறோம்? பாங்கியிடம் ஒருவர் பெயரைச் சொல்லி மற்றொருவர் வாங்குவது, கொடுத்தவனை ஏமாற்றுவதுமாகும்.

"உறவுக்காரர் கடனைச் சுமப்பது புண்ணியமில்லையா?" என்று கேட்பீர்கள். புண்ணியந்தான். அதை எப்படிச் சுமப்பது என்பதற்கும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. ஒரு ஜனாஸாவைத் தொழவைக்கக் கொண்டு வந்தார்கள். இவர் மீது கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இரண்டு தீனார் உண்டு என்றார்கள். தொழவைக்காமல் திரும்பினார்கள். அப்போது ஹஜ்ரத் அபூகத்தாதா (ரலி) அவர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் எழுந்து, அந்த இரண்டு தீனாரும் என் பொறுப்பு என்றார்கள். மய்யித்துக்கு இனி அதில் பொறுப்பில்லை, உம்முடையதுதானே என்று உறுதி செய்து கொண்ட பிறகே தொழவைத்தார்கள். மறுநாள் அபூகத்தாதாவைக் கண்டதும், அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று கேட்டார்கள். அவர் நேற்றுத்தானே இறந்தார் என்று பதில் வந்தது. அதற்கடுத்த நாளும் விடாமல் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன் யா ரசூலல்லாஹ் என்றார்கள் அபூகத்தாதா. இப்போதுதான் அந்த மனிதரின் மேனி குளிர்ந்தது என்றார்கள் எம்பெருமானார் (ஸல்) அவர்கள்.