அபிஷேகக் குடங்கள்

அயோத்தி அன்று இரவு உறங்கவில்லை. வீதிகளில் நீர் தெளிக்கப்பட்டது, கொடிகள் ஏறின, கிளைவிட்ட மரங்களைப் போன்ற விளக்குத் தூண்கள் தெருவெங்கும் நின்றன. மறுநாள் பூச நட்சத்திரத்தில் ஸ்ரீராமருக்கு முடிசூட்டு விழா. வசிஷ்டர் நேரில் வந்து, அன்றிரவு அவரும் சீதாதேவியும் உபவாசம் இருக்க வேண்டிய முறையைச் சொல்லிச் சென்றார். இருவரும் நாராயணனை வழிபட்டனர். தருப்பைப் புல்லைப் பரப்பி அதன்மேல் படுத்தனர். பொழுது புலர்ந்ததும் சுமந்திரர் வந்து அழைத்தார். முடி சூடப் போகிறோம் என்று புறப்பட்டவர், கைகேயியின் மாளிகையில் கேட்டதோ 14 ஆண்டு வனவாசம் என்ற சொல்லை.

எல்லாம் ஏற்பாடாகி, நாளும் குறித்தபின், கடைசி நேரத்தில் எல்லாம் மாறிப்போகும் இத்தகைய இரவுகள் இன்றைய இல்லங்களுக்கும் வருகின்றன. பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது நன்கு தெரியும்.

2024 மே 14 அன்று இரவு தில்லியில் பல வீடுகளில் பிள்ளைகள் நுழைவுச் சீட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுக்கச் செல்லும் நேரம். பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு மறுநாள் நடக்கவிருந்தது. தில்லி மையங்களில் மட்டும் அது மே 29-க்குத் தள்ளிவைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. 2018-இல் நிகழ்ந்தது வேறு வகை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தேர்வை மார்ச் 26-ஆம் நாள் எழுதி முடித்து, புத்தகத்தை மூடி வைத்த மாணவர்களுக்கு, இரண்டே நாளில் மறுதேர்வு என்ற செய்தி வந்தது. வினாத்தாள் கசிந்திருந்தது. ஏப்ரல் 25 அன்று அவர்கள் மீண்டும் எழுதினர். அதே ஆண்டில் பத்தாம் வகுப்புக் கணிதத்திற்கும் மறுதேர்வு என்றார்கள். பிறகு இல்லை என்றார்கள். 2021 ஜூன் 1 அன்று, பெருந்தொற்றின் காரணமாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே நடவாது என்று அறிவிக்கப்பட்டது. பத்தாம் வகுப்பிலிருந்து 30, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 30, பன்னிரண்டிலிருந்து 40 என்ற விகிதத்தில் மதிப்பெண் கணக்கிடப்பட்டது. பதினொன்றாம் வகுப்பில் சற்றுச் சோம்பியிருந்து, இறுதியாண்டில் எழுந்து நின்று உழைத்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு என்ன சொல்லியிருக்கும் என்பதைப் பெற்றவர்களே அறிவார்கள்.

பெரியவர்களுக்கு இது ஒரு தேதி மாற்றம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அப்படியன்று. அந்த வயதில் ஒருவன் தன்னைத் தன் திட்டத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறான். 'இந்தத் தேர்வு, இந்தக் கல்லூரி, இந்த ஊர்' என்று இரண்டு ஆண்டுகளாக மனத்தில் எழுதி வைத்திருப்பது அழியும்போது, தானே அழிந்ததாக உணர்கிறான். அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? தந்தை தொலைபேசியை எடுத்து யாரையோ கடிந்துகொள்கிறார். தாய் கலங்கி நிற்கிறாள். பக்தியுள்ள உறவினர் ஒருவர், கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்று கீதையை எடுத்துச் சொல்லத் தொடங்குகிறார்.

சொல்வது உண்மைதான். சொல்லும் நேரம்தான் சரியில்லை. கீதையிலேயே இதற்குச் சான்று உண்டு. முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் தன் கலக்கத்தையெல்லாம் கொட்டுகிறான். உடல் நடுங்குகிறது என்கிறான், வில் நழுவுகிறது என்கிறான், போர் வேண்டாம் என்பதற்கு நியாயங்களை அடுக்குகிறான். அவன் பேசி முடித்து, வில்லை எறிந்துவிட்டுத் தேர்த்தட்டில் அமரும்வரை பகவான் குறுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை. உபதேசம் இரண்டாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. பிள்ளையின் முதல் அத்தியாயத்தைக் கேட்க மறுக்கும் பெரியவர்கள் நேராக இரண்டாவதற்குப் போய்விடுகிறார்கள்.

ஸ்ரீராமரின் சமநிலையைப் பற்றியும் ஒரு பிழையான எண்ணம் நிலவுகிறது. அவருக்கு வருத்தமே ஏற்படவில்லை என்று பலர் கருதுகின்றனர். வால்மீகி அப்படிச் சொல்லவில்லை. கைகேயியின் முன் அவர் முகம் வாடவில்லை என்பது மெய். வழியில் கூடியிருந்த மக்களும் எந்த வேறுபாட்டையும் காணவில்லை. ஆனால் சீதாதேவியின் மாளிகைக்குள் நுழைந்ததும் அடக்கி வைத்திருந்த துயரம் வெளிப்பட்டுவிடுகிறது. முகம் வெளிறுகிறது, வியர்க்கிறது. இன்று நல்ல நாளாயிற்றே, ஏன் இப்படி என்று தேவி திகைத்துக் கேட்கிறாள். ஊரார்முன் நிமிர்ந்து நின்றவருக்கும், முகத்தை மறைக்க வேண்டாத ஓர் இடம் இருந்தது. ஒரு பிள்ளைக்கு அந்த இடம் வீடாக இல்லாமற் போனால் வேறு எது?

கோபத்திற்கும் வால்மீகி இடம் தருகிறார். லட்சுமணன் கொதித்தெழுகிறான். விதி என்று சொல்லி அடங்குவது கோழைகளின் வழி என்று வாதிடுகிறான். அவனுடைய வாதத்தைக் கவி சுருக்கவுமில்லை, கேலிக்குரியதாக்கவுமில்லை. ஸ்ரீராமர் அவனுடைய கண்ணீரைத் துடைத்துவிட்டு, தந்தையின் சொல்லில் நிற்பதே தம் வழி என்று தெரிவிக்கிறார். அதற்குமேல் கடிந்துகொள்ளவில்லை. வினாத்தாள் கசிந்ததால் ஒரு மாணவி இருமுறை தேர்வெழுத நேர்ந்தால் அவளுக்கு இழைக்கப்பட்டது அநீதியே. அதைப் பொறுத்துக்கொள் என்று சொல்லி வாயடைப்பது ஆன்மிகமன்று. முறையிட வேண்டிய இடத்தில் எழுத்து மூலம் முறையிடுவது பெரியவர்களின் கடமை. அதை அவர்கள் செய்யட்டும். மாணவியின் மேசையில் அந்தச் சுமையை ஏற்றாமல் செய்யட்டும்.

மாணவியின் மேசையில் இருக்க வேண்டியது எது என்பதற்கு அயோத்தியிலேயே ஒரு காட்சி இருக்கிறது. அதிகம் பேசப்படாத காட்சி அது. முடிசூட்டுக்காகப் புண்ணிய நீர் நிறைந்த குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஏற்பாடுகளை நிறுத்திவிடும்படி லட்சுமணனிடம் சொல்லும் ஸ்ரீராமர் அந்தக் குடங்களை எண்ணிப் பார்க்கிறார். அந்த நீராலேயே தவ விரதத்திற்குரிய நீராட்டு நடக்கலாமே என்கிறார். உடனே அதையும் மாற்றிக்கொள்கிறார். அரச காரியத்திற்கு வைத்தவை எதற்கு, தாமே முகந்த நீர் போதும் என்கிறார்.

குடங்கள் அரண்மனையுடையவை, அங்கேயே நின்றுவிட்டன. முந்தைய இரவின் உபவாசம் நிற்கவில்லை. முடிசூட்டுக்காக இருந்த நோன்பு அது. தருப்பைப் படுக்கையும் முடிசூட்டுக்காகத்தான். ஆனால் காட்டில் புல்லில் படுக்கவும் கிடைத்ததை உண்டு வாழவும் போகிறவர்களுக்கு அதுவே முதல் இரவாக அமைந்துவிட்டது. விழா ரத்தாயிற்று, ஆயத்தம் வீணாகவில்லை. திட்டம் தேதியோடும் இடத்தோடும் பிறர் முடிவோடும் கட்டப்பட்டது. அதைப் பிறர் அவிழ்க்க முடியும். விடியற்காலையில் எழுந்து பழகிய உடல், ஒரு கணக்கில் ஒரு மணி நேரம் ஊன்றி நிற்கப் பழகிய மனம், தவறிய இடத்தைத் தானே கண்டு திருத்தும் நேர்மை ஆகியவை எந்த அறிவிப்பிலும் அடங்குவன அல்ல. 2021-இல் தேர்வே இல்லாமல் மதிப்பெண் பெற்ற மாணவர்களில், அந்தக் கணக்கு போதாது என்று எண்ணியவர்களுக்கு ஆகஸ்டில் விருப்பத் தேர்வு எழுத வாய்ப்புத் தரப்பட்டது. ஜூன் மாதத்தில் புத்தகத்தை எறிந்துவிடாதவர்களுக்கே அந்த வாய்ப்பு பயன்பட்டிருக்கும்.

இதை மறுநாள் காலையில் பிள்ளையிடம் சொல்லலாம். அன்று இரவில் வேண்டாம். அன்று இரவில் நேரத்திற்குச் சாப்பாடு, வழக்கமான விளக்கேற்றல், வழக்கமான பிரார்த்தனை, நேரத்திற்குத் தூக்கம். இவை எளிய காரியங்கள்தாம். ஆனால் வீட்டில் எல்லாமே சாய்ந்துவிடவில்லை என்பதைப் பிள்ளை இவற்றிலிருந்தே அறிந்துகொள்கிறது. விடிந்தபின் புதிய தேதியை நாட்காட்டியில் குறிக்கலாம். இடையில் கிடைத்த பதினைந்து நாளையோ ஒரு மாதத்தையோ எப்படிப் பங்கிடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அந்தத் திட்டம் பெரியவர்கள் போட்டதாக இருந்தால், அடுத்த மாற்றம் வரும்போதும் அவன் பெரியவர்களின் முகத்தைத்தான் பார்ப்பான்.

பெரியவர்களின் முகத்தைப் பற்றிப் பேசும்போது கௌசல்யையை விட்டுவிட முடியாது. சீதாதேவியிடம் போவதற்கு முன்பே ஸ்ரீராமர் தாயைக் காணச் சென்றிருந்தார். மகனின் நலனுக்காக அவள் இரவெல்லாம் விரதமிருந்து, காலையில் அக்னியில் ஆகுதி செய்வித்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் வெட்டுண்ட மரக்கிளையைப் போல் விழுந்தாள். அழுதாள். தானும் காட்டுக்கு வருவேன் என்றாள். போகக் கூடாது என்று தடுத்தாள். வால்மீகி இவற்றில் எதையும் மறைக்கவில்லை. தாய்க்கும் ஒரு முதல் அத்தியாயம் உண்டல்லவா!

பிறகு அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். நீரைத் தொட்டு ஆசமனம் செய்து தன்னைத் தூய்மைப்படுத்திக்கொண்டாள். நெய்யும் வெண்மாலைகளும் வெண்கடுகும் வரவழைத்து, அந்தணரைக் கொண்டு மீண்டும் அக்னி வளர்க்கச் செய்தாள். விடியற்காலையில் பட்டாபிஷேகத்துக்காக வேண்டிய அதே வாய், இப்போது காட்டு வழியில் எந்தத் தீங்கும் அணுகாதிருக்கட்டும் என்று வேண்டியது. மூலிகையொன்றை மகனுக்குக் காப்பாகக் கட்டினாள். உச்சி முகர்ந்து அணைத்துக்கொண்டாள். அவரை வலம் வந்தாள். போய் வா என்றாள்.