குரலும் அமானிதமே

கோயமுத்தூரில் 'கம்ப்ரஸர்' என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் காற்றை அழுத்தித் தரும் இரும்புப் பொறிதான் தோன்றும். 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எல்ஜி நிறுவனம் இருக்கும் ஊரில் அது இயல்புதானே! ஆகவே, ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் ஓர் இளைஞர், "உங்க கேசட்டைக் கம்ப்ரஸர்ல விட்டு எடுத்தாத் தெளிவா வந்துருங்க, ஐயா" என்றபோது நாம் திகைத்துப்போனோம். காற்றடிக்கும் பொறிக்கும் நம் உஸ்தாதின் குரலுக்கும் என்ன தொடர்பு?

அந்தக் கேசட்டுகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நமக்கு மார்க்கக் கல்வி புகட்டிய அப்பெரியார் மர்ஹூமாகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. 1980களின் இறுதியில் நம்முடன் ஓதிய மாணவர் ஒருவர், சிறிய டேப் ரெக்கார்டரை மேசையோரம் வைத்து அவருடைய பாடங்கள் சிலவற்றைப் பதிவு செய்தார். உஸ்தாத் அதைப் பார்த்தார், தடுக்கவில்லை. அவர் பாடம் நடத்தும் முறையே தனி. பின்வரிசையில் உறங்குவோரை எழுப்பக் குரல் இடியாய் உயரும். மெய்யாகவே கனமான செய்தி வரும்போதோ, தாழ்ந்துவிடும். அநாதையின் சொத்துக்குப் பொறுப்பேற்றவரின் கடமையைச் சொன்ன அன்று அவர் குரல் ஏறக்குறைய முணுமுணுப்பாகிவிட்டது. நாம் இருபது பேரும் கிதாபை மறந்து முன்னே சாய்ந்தோம். அந்தப் பாடத்தில் நமக்கு இன்றும் மறவாதிருப்பது அந்தச் சாய்வுதான்.

அவருடைய மகனார் அக்கேசட்டுகளை நம்மிடம் ஒப்படைத்து, "பேரப்பிள்ளைகள் கேட்கும்படி ஆக்கித் தாருங்கள்" என்று வேண்டிக்கொண்டார்.

கூடத்தில் இருந்த கருவி, சென்னையில் மூடப்பட்ட ஒரு கூடத்திலிருந்து வாங்கிய பழைய பொருள், டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ.2ஏ என்று பெயர். 1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜிம் லாரன்ஸ் என்பார் ஆக்கியது. ஏவுகணைத் திட்டத்திற்காக ஒளியுணர் கருவிகளில் உழைத்தவர் அவர். அந்த அறிவை மனிதக் குரலுக்குப் பயன்படுத்தினார். மின்னோட்டமாகி உள்ளே வரும் குரலின் ஒரு பகுதி, ஒரு சிறு தகட்டை ஒளிரச் செய்கிறது. குரல் ஓங்கினால் ஒளி மிகும். ஒளி மிகுந்தால் எதிரே உள்ள மின்தடையின் தடை குறையும். ஓங்கிய குரல் அவ்வழியே வடிந்து தணியும். ஆக, இக்கருவி மெல்லியதை உயர்த்துவதில்லை. ஓங்கியதைத் தணிப்பது மட்டுமே அதன் வேலை. பின்னர் முழுவதையும் ஒருசேர உயர்த்தும்போதுதான் மெல்லிய குரல் மேலே வருகிறது. ஒளி மங்கிய பின்னும் அம்மின்தடை உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. பாதி விரைவில் மீளும். மீதிக்குச் சில விநாடிகள் ஆகும். சற்றுமுன் கேட்ட சத்தத்தை அது மறவாதிருக்கிறது என்றே சொல்லலாம். இவ்வேலையைச் செய்யும் கணினி மென்பொருள்கள் இன்று உண்டு. "இதுல முக்கியமா ரெண்டே குமிழுங்க. காதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்" என்றார் இளைஞர்.

குரலைக் கட்டுப்படுத்துவது கோவைக்குப் புதிதன்று. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' இங்குள்ள சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான படம். 1954இல் வந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் படைப்பு. அக்காலப் படச்சுருளின் ஓரத்தில் ஒளியும் நிழலுமாகப் பதிந்த குரலுக்கு இடம் குறுகியது. ஓங்கினால் சிதையும், தாழ்ந்தால் சுருளின் இரைச்சலில் மூழ்கும்.

கருவி வழியே உஸ்தாதின் குரல் வந்தது. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக ஒலித்தது. அரபு எழுத்துகளின் உச்சரிப்பில் அவர் காட்டும் நுட்பம், 'ஹா'வில் மூச்சு உரசுவது உட்பட, கேட்டது. மின்விசிறியும் கேட்டது; யாரோ இருமியதும் கேட்டது. அந்த இருமல் நம்முடையதாகவே இருக்கலாம். பின்பு அநாதையின் சொத்தைப் பற்றிய இடம் வந்தது. அது, பின்வரிசையை அதட்டிய அதே உயரத்தில் ஒலித்தது! ஒரு சொல்லும் தப்பவில்லை. ஆனால் முன்னே சாய வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

"இது அவர் பேசியதன்று" என்றோம்.

"அந்த அறையில இருபது பேருங்க. இனிக் கேக்கப் போறவங்க பொள்ளாச்சி பஸ்ஸில இருப்பாங்க, மிக்ஸி ஓடுற அடுப்படியில இருப்பாங்க. அவங்களுக்கு அந்த இடம் காதுலயே விழாதுங்களே" என்றார் அவர். மறுக்க இயலவில்லை. கேட்க முடியாத உபதேசத்தை அப்படியே காத்து வைப்பதும் ஒருவகைப் புதைப்பு அன்றோ?

நபிமொழிகளை அறிவித்தோரிடையே இத்தகைய வழக்கு முன்பே எழுந்தது. கேட்ட சொல்லை அப்படியே அறிவிப்பதா, கருத்தை அறிவிப்பதா? கருத்தை அறிவிக்கலாம் என்றவர்களும், எந்தச் சொல்லை மாற்றினால் பொருள் பிறழும் என்பதை அறிந்தவருக்கே அவ்வுரிமை என்றனர். அறிவித்து முடித்ததும், 'அல்லது அவர்கள் கூறியவாறு' எனப் பொருள்படும் 'அவ் கமா கால்' என்பதைச் சேர்ப்பது பேணுதலுடையோர் வழக்கம். மாற்றம் நேர்ந்திருக்கலாம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. நம் மனம் அதில் ஓரளவு ஆறியது.

அப்போதுதான் இளைஞர் இன்னொன்றைச் சொன்னார். அந்நாளைய சிறு ரெக்கார்டர்கள் பலவற்றில், ஒலியைத் தானே ஏற்றி இறக்கும் அமைப்பு உள்ளேயே இருக்குமாம். உஸ்தாத் நிறுத்தும்போதெல்லாம் மின்விசிறி ஓங்கி வருவதை அவர் சுட்டிக்காட்டினார். அசல் என்று நாம் அணைத்துக்கொண்டிருந்த கேசட்டே பாதி சமன் செய்யப்பட்டது! அப்படியாயின் அன்று குரல் எவ்வளவு தாழ்ந்தது என்பதற்குக் கருவி எதுவும் சாட்சியன்று. அந்த அறையில் இருந்த நாமே சாட்சி. சாட்சியம் அறிந்தவன் வாளாவிருத்தல் தகுமா?

மறுமுறை ஓடவிட்டு, குரல் தாழ்ந்த இடங்களில் நாம் விரல் உயர்த்தினோம். இளைஞர் ஒலியை ஏற்றும் குமிழைச் சற்றே கீழிறக்கினார். முற்றிலும் மறையும்படியன்று, கேட்பவர் கொஞ்சம் முயலும்படி மட்டும். இவ்வாறு மூன்று இடங்கள். நம் நினைவை மட்டும் நம்பத் துணியாமல், ஈரோட்டில் வாழும் உடன்பயின்ற நண்பரைத் தொலைபேசியில் அழைத்தோம். இரண்டு இடங்களை அவர் ஒப்புக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்: "அங்கே ஹஜ்ரத் குரலைத் தாழ்த்தவில்லை, தண்ணீர் குடிக்கத் திரும்பினார்கள்!"

மூன்றாவதைக் கருவி தந்தபடியே விட்டுவிட்டோம். பேரப்பிள்ளைகளுக்கான பிரதியின் உறைமீது, இது சமன் செய்யப்பட்டது என்றும், இரண்டு இடங்களில் குரல் தாழ்ந்திருப்பது மாணவர் இருவரின் நினைவின்படி என்றும் எழுதினோம். கேசட்டுகளைத் துணியில் சுற்றி, உஸ்தாதின் மகனாரிடம் திருப்பிக் கொடுத்தோம்.