நாணயம்

நச்சுப் பொய்கையின் கரையில் தம்பியர் நால்வரும் உயிரற்றுக் கிடக்கின்றனர். தாகத்தோடு நிற்கும் தர்மபுத்திரரிடம் யக்ஷன் வினாக்களைத் தொடுக்கிறான். மகிழ்ச்சியோடு வாழ்பவன் யார் என்பது அவற்றுள் ஒன்று. பகலின் பெரும்பகுதி கழிந்த பின்னரே கீரை சமைத்து உண்ண முடிந்தாலும், கடனின்றித் தன் சொந்த வீட்டில் இருப்பவனே மகிழ்கிறான் என்று விடையளித்தார் அவர். கைப்பொருள் தீர்ந்த பின்பும் பணயம் வைத்து நாடிழந்து காட்டுக்கு வந்தவர் அல்லவா? ஏட்டறிவு மட்டுமே சொன்ன விடையாக அது தோன்றவில்லை.

பிழைப்புக்காகப் பெங்களூருவுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலருக்குச் சொந்த வீடு, கடனின்மை ஆகிய இரண்டுமே முதல் மாதத்தில் கைநழுவுகின்றன. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் அந்நகரில் நெடுங்காலமாக உண்டு. அதற்கு ஒரு கடன்; பின்னர் வண்டிக்கும் கைபேசிக்கும் தவணை; இவற்றிடையே கிரெடிட் கார்டு.

அந்தக் கார்டின் மாதக் கணக்கில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு சிறிய எண் இருக்கும். இதைச் செலுத்தினால் போதும் என்பது மனத்துக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆனால் எஞ்சிய தொகைக்குப் பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறுகிறது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை. அந்தியில் ஜபமாலையைக் கையில் எடுத்தாலும் மனம் வசூலிப்பவரின் தொலைபேசி அழைப்பையே எண்ணி நடுங்குகிறது. ஊரிலிருக்கும் பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்கிறது. கடனைவிட அந்தப் பொய்யே அதிகமாக உள்ளத்தை அரிக்கிறது.

காசு, வாக்குத் தவறாமை ஆகிய இரண்டையும் தமிழ் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. முன்பு ஒருவரது நாணயத்தை ஊர் மளிகைக் கடைக்காரர் நினைவில் வைத்திருந்தார். இன்று 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில் போன்ற நிறுவனங்கள் அதனை 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணாக எழுதி வைக்கின்றன. ஊதியம் எவ்வளவு என்பதை அம்மதிப்பெண் பார்ப்பதில்லை; உரிய நாளில் செலுத்தினாரா, அனுமதித்த வரம்பில் எவ்வளவைப் பயன்படுத்தினார், அடிக்கடி கடன் கேட்டாரா என்றே பார்க்கிறது. நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்திட்டு அவன் தவறினால், அந்தக் கறை கையெழுத்திட்டவரையும் சேரும். வங்கியோடு பேசித் தொகையைக் குறைத்துக் கணக்கை முடித்தாலும், முழுமையாகச் செலுத்தவில்லை என்ற குறிப்பு நிற்கும். சித்தத்தில் பதியும் சம்ஸ்காரத்தைப் போன்றது இது. எந்தப் பரிகாரமும் அதை உடனே அழிக்காது. மாதந்தோறும் தவறாத ஒழுங்கே அதன் வலிமையைக் குறைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த அறிக்கையைக் கட்டணமின்றிப் பெற்றுப் பார்க்கலாம். பிழையிருந்தால் திருத்தக் கோரலாம்.

ஆயினும் மதிப்பெண்ணுக்காகவே கடன் வாங்குவது பேதைமை. கடனே அறியாத நம் பாட்டனாருக்கு மதிப்பெண்ணே கிடையாது. அதனால் அவர் நாணயமற்றவர் ஆகிவிடுவாரா?

சிக்கிக்கொண்டவர் முதலில் செய்ய வேண்டியது, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதி வீட்டாரிடம் காட்டுவது. வெட்கமாகத்தான் இருக்கும். பின்னர், ஊதியம் வந்த அன்றே தவணைகளை எடுத்து வைத்து, வட்டி மிகுந்த கடனை முதலில் தீர்க்கத் தொடங்கலாம்.

விடைகளால் மகிழ்ந்த யக்ஷன், தம்பியருள் ஒருவனை உயிர்ப்பிப்பதாகச் சொன்னான். பீமனையோ அர்ஜுனனையோ கேட்காமல் நகுலனைக் கேட்டார் தர்மபுத்திரர். குந்திக்கு மகனாகத் தாம் இருக்கையில், மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்க வேண்டும் என்றார். மாத்ரி மறைந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கடனைக் கேட்க அங்கே எவரும் இல்லை.