உப்புக் கடனுக்குத் தவணை உண்டா?

1916 டிசம்பர் 11. பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃபில் இருந்த போர்க்கைதிகள் முகாமில், பஞ்சாபின் ஃபிரோஸ்பூர் மாவட்டத்துச் சிப்பாய் மல் சிங் ஒலிப்பதிவுக் குழலின் முன் நிறுத்தப்பட்டார். ஜெர்மானிய மொழியறிஞர்களுக்கு வேண்டியிருந்தது பஞ்சாபி உச்சரிப்பின் ஒரு மாதிரி. அவர் சொன்னதோ ஒரு கதை. ஒரு மனிதன் இருந்தான். தன் நாட்டில் வெண்ணெய் தின்று வளர்ந்தான். ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மானியர் பிடித்துக்கொண்டார்கள். ஊர் திரும்பினால் அதே சாப்பாடு கிடைக்கும். சமாதானம் எப்போது என்றுதான் சேதி இல்லை. இன்னும் இரண்டு வருடம் இங்கேயே கிடந்தால் அவன் செத்துப்போவான்.

ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் பதிவு. அதில் அவர் தன்னை ‘அவன்’ ஆக்கிக்கொண்டுதான் பேசுகிறார். வெண்ணெய்க்கு ஏங்குகிறேன் என்று ஒரு போர்வீரன் தன் வாயால் சொல்வது கூச்சமாக இருந்திருக்கலாம். அந்தக் கூச்சத்துக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. ஒருவரின் உப்பைத் தின்று போருக்கு வந்தவன் வீட்டை நினைத்து ஏங்கினால், ‘போதும், விடுங்கள்’ என்று கேட்டால், அது கடமை தவறுதலா?

முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் தங்கள் கடமையைச் சொன்ன சொல்லே ‘நமக்’, அதாவது உப்பு. தமிழில் இதைச் செஞ்சோற்றுக் கடன் என்போம். கர்ணனையும் கும்பகர்ணனையும் வைத்து இந்தக் கடனை நாம் போற்றி வந்திருக்கிறோம். இரண்டு பேருமே அதை உயிரைக் கொடுத்துத்தான் தீர்த்தார்கள் என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம். சோறு போட்டவன் கேட்கும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் கணக்கு என்றால், 1914-இல் மாதம் 11 ரூபாய் சம்பளம் வாங்கிய சிப்பாய் எதை அடகு வைத்தான்? உடம்பையா, உயிரையா, நினைப்பையுமா?

நினைப்பும் சேர்த்திதான் என்று பிரிட்டிஷ் அரசு கருதியதற்குச் சான்று உண்டு. 1914 செப்டம்பர் 26 அன்று இந்தியப் படையின் முதல் அணிகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. சில வாரங்களில் அவை ஃப்ளாண்டர்ஸ் சேற்றில், பதுங்குகுழிகளில் இருந்தன. சீக்கிரமே சிப்பாய்களின் கடிதங்களைப் படிக்க ஒரு தணிக்கை அலுவலகம் வந்தது. பூலோன் நகரில் ஹோவெல் என்ற அதிகாரி அதை நடத்தினார். எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவனிடம் சொல்லி, ஊரில் ஒருவர் உரக்கப் படிக்க, தெருவே கேட்கும் கடிதங்கள் அவை. நடுவில் இன்னொரு காது முளைத்ததும் சிப்பாய்கள் பரிபாஷைக்குப் போனார்கள். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய், செம்மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று எழுதினால் ஊருக்குப் புரியும்: தம்பியைப் பட்டாளத்தில் சேர்க்காதே.

தணிக்கைக்காரர்களுக்கும் இது புரிந்தது. மிளகு என்று எழுதிய கையைத் துரோகியின் கை என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். கூடப்பிறந்தவனை எரியும் வீட்டுக்குள் வராதே என்று தடுப்பது குற்றமாகாது. ஆனால் அந்தத் தம்பி வராத இடத்தை இன்னொரு வீட்டுப் பிள்ளை நிரப்பினான். 1917-க்குப் பிறகு பஞ்சாபில் ஊருக்கு இத்தனை பேர் என்று ஆள் கேட்கப்பட்டது, பல இடங்களில் வற்புறுத்தியே சேர்த்தார்கள். மிளகுக் கடிதம் ஒரு வீட்டைக் காத்து, பாரத்தைப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு நகர்த்தியது. எழுதியவன் மேல் இதற்காகப் பழி போட முடியாது. என்றாலும் கடிதத்தின் விலையை வேறொருவர் கட்டினார் என்பது உண்மை.

ஏக்கத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்குபவர்களுக்கு இரண்டு சகோதரர்களைக் காட்டலாம். இருவரும் எல்லைப்புறத்து அஃப்ரிதிப் பட்டாணியர். 1915 மார்ச்சில் ஜமேதார் மீர் மஸ்த் சில ஆட்களோடு இரவில் ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். அடுத்த மாதம் ஈப்ர் போர்முனையில், நச்சுப்புகைக்கு நடுவே காயம்பட்டவர்களை அவருடைய சகோதரர் மீர் தஸ்த் சுமந்து காத்தார். அதற்காக அவருக்குப் பின்னர் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பிரைட்டன் அரண்மனை மருத்துவமனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே வந்து அதை அணிவித்தார். அப்போது மீர் தஸ்த் மன்னரிடம் கேட்டது, காயம்பட்டவனை மறுபடி போர்முனைக்கு அனுப்பாதீர்கள் என்பதைத்தான்.

ஓடிப்போனவர் கேட்டிருந்தால் சாக்கு என்று தள்ளிவிடலாம். கேட்டவர் மன்னர் கையால் பதக்கம் வாங்கிய வீரர். சிப்பாய்களின் கணக்கு அந்த வேண்டுகோளில் தெளிவாகத் தெரிகிறது. ரத்தம் சிந்தியாயிற்று, உப்பு நேராயிற்று, இனி வீடு. அரசின் பேரேட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆறிய காயத்தோடு ஆள் திரும்பவும் குழிக்குள் போனான்.

அரசின் பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். வெள்ளைக்காரச் சிப்பாயும் காயம் ஆறியதும் திரும்பிப் போனான். ஒருவனை விடுவித்தால் அவனுடைய கூட்டாளியின் தோளில் இருவர் சுமை ஏறும். போர் எப்போது முடியும் என்று எந்தத் தளபதியும் நாள் குறித்துத் தர முடியாது. மூன்றுமே உண்மை. ஆனால் வெள்ளைக்காரனுக்கு எப்போதாவது விடுப்பு வந்தது, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் வீடு. பஞ்சாபிக்கும் பட்டாணியனுக்கும் நடுவில் கடல் கிடந்தது. ஒரே விதி இரண்டு பேர் மேல் ஒரே கனத்தோடு விழவில்லை.

பழந்தமிழ் இந்த ஏக்கத்துக்கு ஒரு திணையையே ஒதுக்கியது. பாசறையில் இருந்து வீட்டை நினைக்கும் முல்லைத் தலைவனை யாரும் கோழை என்று பார்ப்பதில்லை. அங்கேயும் ஏங்கும் உரிமை பெரும்பாலும் தேரேறும் தலைவனுக்குத்தான், காலாளுக்காக வாசலில் நின்றவள் யார் என்று பாட்டு அதிகம் கேட்பதில்லை என்பது ஒரு குறை. ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒரு கெடு இருந்தது. கார்காலம் வந்தால் திரும்ப வேண்டும். மழை பிந்தலாம், சொல்லிப் போனவன் பிந்தினால் கேள்வி எழும்.

மல் சிங்கின் ஒரு நிமிடப் பேச்சில் இல்லாமல் போனது அந்தக் கார்காலம். போருக்கு வந்ததை அவர் தவறென்று சொல்லவில்லை, யாரையும் வையவும் இல்லை. எப்போது என்று மட்டும் தெரியவில்லை என்கிறார். வாங்கிய கடனுக்குத் தவணையே சொல்லாமல் ஆளை வைத்து வேலை வாங்குவதற்கு நம் ஊர்களில் கொத்தடிமை என்று பெயர். அதற்குச் செஞ்சோறு என்று பெயர் வைத்தால் சோற்றுக்குத்தான் அவமானம்.

1915 முடிவில் இந்தியக் காலாட்படையைப் பிரான்சிலிருந்து கப்பலேற்றினார்கள். கப்பல்கள் கிழக்கே திரும்பின, சூயஸைக் கடந்தன. பலரை இறக்கிவிட்ட இடம் பம்பாயோ கராச்சியோ அல்ல, மெசபடோமியாவின் போர்முனைக்குப் போகும் வழியில் இருந்த பஸ்ரா.