வைப்பர் வழக்கு: உறுப்புகளும் முழுப்பொருளும்

பல உறுப்புகள் கூடி அமைந்த பொருள் அவ்வுறுப்புகளுக்கு வேறான ஒன்றா, அல்லது உறுப்புத் தொகுதிக்கு வழங்கும் பெயர் மட்டும்தானா என்பது நியாய மரபினரான நையாயிகருக்கும் பௌத்தருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் நீடித்த வழக்கு. தேரும் துணியும் குடமும் சாட்சிக்கு அழைக்கப்பட்டன. அவற்றுள் குடம் பலவீனமான சாட்சி, உடைந்தால் எறிந்துவிடுவார்கள். கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டப்படும் பொருளை விசாரித்தால்தான் வழக்கின் சிக்கல் முழுதாகத் தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரை கட்டிய மோட்டார்ஹோம் அப்படிப்பட்ட பொருள். சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் அடங்கிய 23 அடி, 26 அடி வண்டிகள். ஏறத்தாழ 13,000 மட்டுமே வெளிவந்தன. தயாரிப்பு நின்று நெடுங்காலமாகியும் அவற்றில் பல இன்னும் அமெரிக்கச் சாலைகளில் ஓடுகின்றன. இவ்வகை வண்டிகளின் முன்கண்ணாடி மிக அகலமானது. வயதான வண்டியில் அதைத் துடைக்கும் வைப்பர் அடிக்கடி முரண்டு பிடிக்கும்.

வைப்பரின் அமைப்பு எளிது. மோட்டார் ஒரே திசையில் சுழல்கிறது. பல்சக்கரப் பெட்டி அதன் வேகத்தைக் குறைக்கிறது. பெட்டியின் அச்சில் உள்ள சிறு கிராங்கும் அதில் கோத்த நீண்ட தண்டுகளும் அந்தச் சுழற்சியைப் போய்வரும் அசைவாக மாற்றி, வைப்பர் கைகள் பூட்டிய அச்சுகளுக்குக் கொண்டுபோகின்றன. தண்டுகள் சேரும் மூட்டுதோறும் தேய்மானம் தாங்கும் வளையமாக ஒரு புஷ். சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் உடனே நிற்பதில்லை. பிளேடு கண்ணாடியின் ஓரம் போய்ப் படுக்கும்வரை பெட்டிக்குள் இருக்கும் தொடுமுனை மின்சாரத்தை விடாமல் தந்துகொண்டிருக்கும்.

இதில் வரும் பழுதுகள் சில எளியவை. ரப்பர் வெடித்திருக்கும், பியூஸ் போயிருக்கும், கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். மெய்யியலுக்கு அங்கே வேலையில்லை. வேறு சில பழுதுகள் அவ்வளவு எளிதில் பிடிபடாதவை. பிளேடு தன் எல்லையைத் தாண்டிக் கண்ணாடியின் சட்டத்தில் மோதுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் மயிரிழை ஆட்டம்தான். எந்தப் புஷ்ஷையும் கெட்டது என்று எடுத்துப்போட மனம் வராது. ஆனால் நான்கைந்து மூட்டுகளின் ஆட்டம் தண்டு வழியே கூடிக்கொண்டே போய், நீண்ட கையின் நுனியில் விரற்கடை அளவாகிவிடுகிறது. மின்சாரத்திலும் இதே கதை உண்டு. வண்டியின் உடலில் பெரும்பகுதி ஃபைபர்கிளாஸ் என்றால் அது மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரம் திரும்பிப் போக எர்த் ஒயரைத்தான் நம்பியிருக்கிறது. அந்த ஒயர் பிடித்திருக்கும் இடத்தில் துரு ஏறினால், மேசைமேல் ஜோராகச் சுற்றிய மோட்டார் வண்டியில் பூட்டியதும் முனகும். மோட்டாரின் உடலிலிருந்து பேட்டரியின் மைனஸ் முனைக்கு நேராக ஒரு ஒயரைப் பிடித்துப் பார்ப்பதே இதற்குச் சோதனை. வேகம் வந்துவிட்டால் மோட்டார் குற்றமற்றது. பழுது உறுப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

பௌத்தத்தின் வாதம் மிலிந்த பன்ஹா என்ற பாலி நூலில் தெளிவாக வருகிறது. கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா, எல்லாம் சேர்ந்தது தேராகுமா, இவற்றுக்கு வெளியே தேர் என்று ஒன்று உண்டா என்று கேட்டுக்கொண்டே போகிறார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே மன்னன் சொல்ல வேண்டியதாகிறது. தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயர் என்று முடிகிறது உரையாடல். மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகளும் உடம்பு, நீர், நாடு ஆகியவற்றைத் தொகை பற்றி எழுந்த வழக்குகளாகவே வகைப்படுத்துகிறார். மெக்கானிக்கின் முதல் மணிநேரம் இந்தக் கட்சியைச் சேர்ந்தது எனலாம். ‘வைப்பர் கெட்டுவிட்டது’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு திருகைக்கூடக் கழற்ற முடியாது. பெயரைக் கலைத்து உறுப்புகளிடம் போயாக வேண்டும்.

நியாய சூத்திரம் இதற்குச் சொல்லும் மறுமொழிகளில் ஒன்று, பட்டறையில் இருந்தே எழுந்தது போன்றது. ஒரு பகுதியைப் பிடித்தால் முழுதும் பிடிபடுகிறது. ஒரு பகுதியை இழுத்தால் முழுதும் வருகிறது. வெறும் குவியலாக இருந்தால் கையில் அகப்பட்டது மட்டும்தானே வரவேண்டும்? ஆகவே உறுப்புகளில் தங்கியிருக்கும் ‘அவயவி’ என்ற முழுப்பொருள் தனியே உண்டு. ஒரே மோட்டாரில் கோத்த இரு கைகளுக்கும் இது பொருந்தும்: ஒன்று அசைந்தால் மற்றதும் அசைகிறது. ஆனால் சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனருக்கே இந்த வாதத்தில் ஐயம் இருந்தது. அரக்கால் ஒட்டிய புல்லும் கல்லும்கூட இழுத்தால் சேர்ந்தே வரும். அதனால் அங்கே புதுப்பொருள் பிறந்துவிட்டதா என்ற கேள்வியை அவர் மறைக்கவில்லை. தன் தரப்பின் பலவீனத்தை இப்படி வெளிப்படையாக எடுத்துவைப்பது அந்த மரபின் பெருமை. இறுகிய கிரீஸ் பல்சக்கரங்களை ஒட்டவைக்கிறது. அதனால் வைப்பர் முன்னைவிட முழுமையாகிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆக, ஒட்டியிருப்பது போதாது. தளர வேண்டிய இடத்தில் தளர்ந்தும் இறுக வேண்டிய இடத்தில் இறுகியும் இருக்கிற முறைதான் மயிரிழை ஆட்டங்களாலும் துருவாலும் குலைந்துபோனது. அந்த முறையை எந்த உறுப்பிலும் காட்ட முடியாது. அதை வெறும் பெயர் என்றும் தள்ள முடியாது. பெயர் சட்டத்தில் போய் மோதாது.

இதே வழக்கு அமெரிக்க நீதிமன்றத்துக்கும் போனது, அதுவும் வைப்பரின் பெயரிலேயே. டெட்ராய்டைச் சேர்ந்த பொறியாளர் ராபர்ட் கெர்ன்ஸ், தூறலுக்கு ஏற்ப விட்டுவிட்டுத் துடைக்கும் வைப்பர் சுற்றுக்கு 1964இல் விண்ணப்பித்து 1967இல் காப்புரிமை பெற்றார். 1978இல் ஃபோர்டு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். டிரான்சிஸ்டர், மின்தேக்கி, மின்தடையம் எல்லாம் முன்பே உள்ளவை, இதில் புதிதாக எதுவுமில்லை என்பது எதிர்த்தரப்பின் நிலை. நாகசேனரின் கேள்வியை வழக்கறிஞர்கள் தெரியாமலே எடுத்துக்கொண்டார்கள். 1990இல் நடுவர் குழு காப்புரிமை மீறப்பட்டது என்றும் அது வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல என்றும் தீர்ப்பளித்தது. ஃபோர்டு 1.02 கோடி டாலர் கொடுத்தது. பழைய உறுப்புகளின் சேர்க்கை, புதிய பொருளாகவே மதிக்கப்பட்டது.

உறுப்பை மாற்றிய பிறகும் பொருள் அதுவேதானா என்பது வழக்கின் அடுத்த பகுதி. இங்கே நியாய வைசேடிகர் தங்கள் கொள்கைக்கு முழு விலை கொடுக்கிறார்கள். துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிகிறது, மிஞ்சிய நூல்களில் ‘கண்டபடம்’ என்ற வேறு துணி பிறக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் புஷ் மாற்றும்போதெல்லாம் உரிமையாளருக்குப் புது வண்டி கிடைத்துவிடும். பழுதுபார்ப்புக்கு அறவண அடிகள் சொல்லும் ‘தொடர்ச்சி’ வழக்கே ஒத்துவருகிறது: வித்து, முளை, தாள் என்று மாறிவருவதை நெல் என்றே அழைப்பதுபோல.

பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் பற்றிக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியதோடு, கழற்றிய பழம்பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்ற கேள்வியை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலாளர் ஹாப்ஸ் சேர்த்தார். பழைய மோட்டார்ஹோம்களின் உலகில் இது கற்பனை அல்ல. ஓடாத வண்டியின் வைப்பர் மோட்டார் ஓடும் வண்டிக்குப் போகிறது, ஓடும் வண்டி நின்றதும் மூன்றாவதற்குப் போகிறது. எது எந்த வண்டி என்பதைச் சட்டம் ஓர் அடையாள எண் தகட்டைக் கொண்டு தீர்க்கிறது. உரிய காரணமின்றி அதை அகற்றுவது அமெரிக்காவில் குற்றம். நையாயிகரும் பௌத்தரும் ஒரே குரலில் மறுக்கக்கூடிய தீர்வு இது: வண்டியின் அடையாளம் முழுதும் ஒரே உறுப்பில், அதுவும் எதையும் இழுக்காத, எதையும் துடைக்காத உறுப்பில்.