யாருக்கு எந்த நாவல்?

"நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்களேன்!" புத்தகம் படிக்கிறவர் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்தக் கேள்வி வீட்டு வாசல்வரை வந்துவிடும். நாமும் யோசிக்காமல் அந்த ஆண்டு விருது வாங்கிய நாவலின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். அவரும் வாங்குகிறார். இருபதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்துவிட்டு அப்படியே மறந்துபோகிறார். மருந்துக் கடைக்காரர்கூட யாருக்கு, என்ன வயது என்று கேட்டுத்தான் மாத்திரை கொடுக்கிறார். நாம் எதையும் கேட்பதில்லை.

இங்கே ஹைதராபாத்தில் குடியிருக்கும் தமிழர் கேட்டால் நான் முதலில் சொல்வது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1977இல் வந்த நாவல். இவ்வளவு பழைய நாவலையா சொல்வது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்து, 1952இல் சென்னைக்குப் போகும்வரை இங்கே வாழ்ந்தவர். அவருடைய அப்பாவுக்கு நிஜாம் ரயில்வேயில் வேலை. நாவலில் வரும் சந்திரசேகரனும் ரயில்வே குடும்பத்துப் பையன்தான். கல்லூரி, கிரிக்கெட், சைக்கிள், லான்சர் பாரக்ஸ் குடியிருப்பில் அக்கம்பக்கத்துச் சச்சரவு என்று அவன் உலகம் சின்னது. அவன் ஆட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஹைதராபாத் சமஸ்தானத்தை ஆண்ட நிஜாம் இந்தியாவோடு சேர மறுக்கிறார், அவர் ஆட்சியை ஆதரித்த ஆயுதக் குழுவினரான ரஜாக்கர்கள் தெருவுக்கு வருகிறார்கள். 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை எல்லையைத் தாண்டுகிறது. சில நாட்களில் சமஸ்தானம் சரணடைந்தது. பள்ளிக்கூடச் சரித்திரப் பாடம் அந்த வரியோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அந்தச் சமயத்தில் சாதாரண மனிதர்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை இந்த நாவல் பார்க்கிறது. கடைசி அத்தியாயத்தைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கமாட்டேன். சிபாரிசு செய்கிறவருக்கு அந்த வாயடக்கம் அவசியம்.

ஊர் வரலாற்றில் அக்கறை இல்லாதவரும் உண்டு. பாகப் பிரிவினையில் மனம் கசந்து சொந்த ஊரை விட்டு வந்தவர் என்றால், அவரிடம் பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி'யைக் கொடுக்கலாம். நிலத்தில் உரிய பங்கு கிடைக்காத கடைசித் தம்பி முத்து, புது மண்ணைத் தேடி வண்டி கட்டிக்கொண்டு புறப்படுகிற கதை அது. குடும்பத்துச் சாவுக்கு ஊருக்குப் போய், உறவுகளை எல்லாம் ஒரே இடத்தில் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' சரியாக இருக்கும். கொங்குப் பகுதிக் குடிநாவிதர் குடும்பம் ஒன்று, காரு மாமாவின் சாவை ஒட்டிக் கூடுகிறது. பெரிய நாவலும் அல்ல.

கொடுக்காமல் இருப்பதும் சிபாரிசுதான். இமையத்தின் 'செல்லாத பணம்' 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தீக்காயத்தோடு கிடக்கும் மகளுக்காக ஜிப்மர் மருத்துவமனையில் காத்திருக்கும் பெற்றோரின் கதை. அபாரமான நாவல். ஆனால் சமீபத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவு கழித்தவரிடம் அதை நீட்டாதீர்கள். கொஞ்ச காலம் போகட்டும். அதேபோல, சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல். இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறவரிடம் அதைத் தூக்கிக் கொடுப்பது அன்பு ஆகாது.

இந்த ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் படித்ததோ தெலுங்கும் ஆங்கிலமும். அவர்களைத் தமிழ் படிக்கவில்லையே என்று கடிந்துகொண்டிருப்பதில் பயனில்லை. '18வது அட்சக்கோடு' கோமதி நாராயணனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. ஓரியண்ட் லாங்மன் 1993இல் வெளியிட்டது. இன்று ஓரியண்ட் பிளாக்ஸ்வான் என்று பெயர் மாறியிருக்கும் அந்த நிறுவனம் நம் ஹிமாயத்நகரில்தான் இருக்கிறது. ஜனனி கண்ணன் ஆங்கிலத்தில் தந்த 'ஆளண்டாப் பட்சி' 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசு பெற்றது. இதையே பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். தாசரதி ரங்காசார்யாவின் 'சில்லர தேவுள்ளு' பெயரை அவர் சொல்லக்கூடும். நிஜாம் காலத்துத் தெலங்கானா கிராமத்தை எழுதிய நாவல். அசோகமித்திரன் ரயில்வே குடியிருப்பிலிருந்து பார்த்த அதே சமஸ்தானம், இங்கே நிலப்பிரபுவின் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர் பாக்கியசாலி.

அடுத்த முறை யாராவது உங்களிடம் நாவல் கேட்டால், பெயரை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அலமாரியில் இருக்கும் உங்கள் பிரதியையே எடுத்துக் கொடுங்கள். இதை ஏன் அவருக்கென்று தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து, எதுவரை வந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். புத்தகம் திரும்பி வராவிட்டால் போகிறது, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.