வராமல் போன இழுப்பு

விடிகாலை மூன்றரை. அடுத்த அறையில் அம்மா ரோட்டாஹேலர் என்ற மூச்சுமருந்துக் கருவியைத் திருகும் சத்தம். பிறகு நீளமாக ஓர் உறிஞ்சல். உள்ளே கேப்ஸ்யூல் ஓடு படபடக்கிறது. மூச்சை அடக்கிப் பத்து எண்ணுவாள். இங்கே படுத்தபடி நானும் அடக்கிக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம்.

அது இழுப்பு வந்தபின் எடுக்கும் மருந்து. தடுப்பு மருந்தை நான்கு நாட்களாக அவள் எடுக்கவில்லை. கேட்டால், "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குடா சும்மா?" பதில் சொல்ல வரவில்லை. மருந்தால் நன்றாக இருக்கிறாளா, மருந்து இல்லாமலும் அப்படித்தான் இருந்திருப்பாளா? வராமல் போன இழுப்பை எங்கே போய்க் காட்டுவது?

*

ரோஜர் ஆல்டூன்யன் அதைக் காட்டினார். அலெப்போவில் 1922-ல் மருத்துவர் வீட்டில் பிறந்தவர். ஆர்தர் ரான்சமின் 'சுவாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' நாவலில் வரும் சிறுவன் ரோஜருக்கு இவர் பெயர்தான். போர்க்காலத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு மருத்துவம் படித்து, இங்கிலாந்தின் செஷயரில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அவருக்கே ஆஸ்துமா.

எகிப்துப் பக்கம் கல்லடைப்பு வலிக்கு நாட்டு மருந்தாகக் கொடுத்துவந்த ஒரு செடி உண்டு. அதிலிருந்து எடுத்த கெல்லின் என்ற பொருளை ஒட்டி அந்தக் கம்பெனியின் வேதியியலாளர்கள் புதுப்புதுச் சேர்மங்களைச் செய்தார்கள். விலங்குகளிடம் அவை பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. அதனால் ஆல்டூன்யன் தன் நெஞ்சையே கொடுத்தார்.

கினிப் பன்றியின் முடியும் பொடுகும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அவற்றை ஊறவைத்த சாற்றைப் புகைபோலாக்கி உள்ளிழுப்பார். நெஞ்சு இறுகும். ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்று கருவியில் அளப்பார். இன்னொரு நாள், முதலில் புதுச் சேர்மம், அப்புறம் அதே சாறு, அதே ஊதல். இரண்டு நாள் கணக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்தின் பலன். நாம் 'சோதனை எலி' என்போம். இவர் கினிப் பன்றியின் முடிச்சாற்றை உள்ளிழுத்துத் தானே சோதனை எலி ஆனார்.

ஏறக்குறைய எட்டு வருஷம் இப்படி ஓடியது. நூற்றுக்கணக்கான சேர்மங்கள். 1965-ல் சோடியம் குரோமோகிளைகேட் கிடைத்தது.

இதைத் தியாகம் என்று எழுத வரவில்லை. எனக்குத் தெரிவது ஒரு கணக்கப்பிள்ளையின் பிடிவாதம். தவறாமல் இளைக்கும் நெஞ்சு ஒன்று வேண்டியிருந்தது. அது அவரிடமே இருந்தது.

*

அந்த மருந்து, இறுகிவிட்ட மூச்சுக்குழாயைத் திறக்காது. இழுப்பு வந்தபின் எடுத்தால் வீண். முன்கூட்டியே எடுக்க வேண்டும், ஒன்றும் இல்லாதபோதே. அம்மா கேட்டால் சிரிப்பாள்.

அது எப்படித் தடுக்கிறது என்பதில் இன்றும் முழு உடன்பாடு இல்லை. ஒவ்வாமையைக் கடத்துகிற ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தையே இஷிஸாகா தம்பதியர் 1966-ல்தான் அடையாளம் கண்டார்கள். மருந்து அதற்கு ஒரு வருஷம் முந்தியது.

ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டும் 1921-லேயே தெரிந்துவிட்டது. கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தச் சீரத்தை, அவரோடு சேர்ந்து ஆராய்ந்த பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு ஏற்றியதும் தடித்துச் சிவந்தது. மற்றவரின் ஒவ்வாமை, இவர் தோலில். இந்தத் துறையில் ஆட்கள் சொந்த உடம்பைக் கடன் கொடுப்பது வழக்கம்போல.

*

குரோமோகிளைகேட் பொடியை நுரையீரல்வரை கொண்டுபோக ஸ்பின்ஹேலர் வந்தது. துளையிட்ட கேப்ஸ்யூல் ஒரு குட்டி விசிறியில் உட்கார்ந்திருக்கும்; உறிஞ்சினால் விசிறி சுழன்று பொடி பறக்கும். விமானம் ஓட்டியவரின் யோசனை என்று சொன்னால் நம்பத் தோன்றும். நம்பலாம், அவருடையதுதான்.

ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் வந்தபின் அந்த மருந்து ஓரம்போனது. கண் சொட்டுமருந்தாக இன்னும் கடையில் கிடைக்கிறது.

*

எழுந்து போனேன். அம்மா கட்டிலின் விளிம்பில், இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் குழி உள்வாங்கி வெளிவந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்பட்டது.

"நீ ஏன் தூங்கல?"

பதில் சொல்லவில்லை. அவள் ரோட்டாஹேலரைப் பிரித்து, கேப்ஸ்யூல் ஓட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது. திரும்பப் பொருத்தி, இன்னொரு முறை உறிஞ்சினாள்.